கழுத்தில் தொங்கிய கார்டு

அந்தப் பிளாஸ்டிக் உறையை இப்போது கேட்டாலும் வரைந்து காட்டுவேன். அலுவலகம் போகிறவர்கள் அடையாள அட்டை மாட்டிக்கொள்ளும் நீல நாடா. அதன் முனையில், உறைக்குள், அக்காவின் பழைய ரேஷன் கார்டு. வீடு வீடாகப் பாத்திரம் துலக்கப் போகும்போதும் அது கழுத்தை விட்டு இறங்காது. புடவைத் தலைப்புக்குள் கிடக்கும்.

டெல்லி ஜனக்புரியில் வளர்ந்த நான், சட்டம் படித்து முடித்த கையோடு இலவச சட்ட உதவிக் குழு ஒன்றில் சேர்ந்திருந்தேன். அக்கா என்று நான் கூப்பிடும் அந்தத் தமிழ்ப் பெண்தான் என் முதல் கட்சிக்காரர். ஜங்புராப் பக்கம் சாக்கடையோரம் இருந்த அவர் குடிசையை இடித்துவிட்டார்கள். மாற்று வீடு கேட்டதற்கு, வசிப்பிடச் சான்று இல்லை என்று நிராகரித்து உத்தரவு வந்தது. சான்றெல்லாம் இருந்தது. கணக்கெடுக்க வந்த ஒருவன், ஜெராக்ஸ் எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று கரண்ட் பில்லையும் வாக்காளர் அட்டையையும் வாங்கிப் போனான். போனவன் போனவன்தான். மிஞ்சியது இந்தக் கார்டு மட்டும். மேல்முறையீடு தோற்றால் அக்காவுக்கும் இரண்டு பெண்களுக்கும் தங்கை வீட்டு ஒற்றை அறைதான் கதி.

நானோ விதிகளைக் கரைத்துக் குடித்திருந்தேன். மனுவோடு நகல் போதும். அசலை விசாரணையில் காட்டினால் போதும். மூச்சுவிடாமல் இதை விளக்கினேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உனக்கு இதுல என்னா கெடைக்கும் பாப்பா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஒன்றும் கிடைக்காது என்றேன். அதைக் கேட்டபின் அவர் என்னை இன்னும் கூர்ந்து பார்த்தார்.

மேல்முறையீட்டைத் தாக்கல் செய்ய அன்றுதான் கடைசி நாள். அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா மனுவைப் புரட்டிவிட்டு, "ஒரிஜினல் சோடோ, கல் லே ஜானா" என்றார். விட்டுவிட்டுப் போ, நாளைக்கு வாங்கிக்கொள்ளலாமாம். அக்காவின் கை தலைப்புக்குள் போய் உறையைப் பற்றிக்கொண்டது. நான் விதியைச் சொன்னேன். "மேடம், ரூல் புத்தகத்துல இருக்கட்டும். இங்கே எல்லாரும் விட்டுட்டுத்தான் போறாங்க" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். நான் விடாமல் வாதாடிய பிறகு மனுவை வாங்கி, ஓரத்தில் சிவப்பு மையால் என்னவோ எழுதினார். "கிறுக்குறான் பாரு" என்று அக்கா என் முழங்கையை இடித்தார். தலைகீழாகப் படித்தேன்: அசல் காட்டப்படவில்லை. வழக்கமாக எழுதும் குறிப்பா, எங்களுக்கென்று வைத்த கண்ணியா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

விசாரணையில் அதிகாரி முதலில் படித்ததே அந்தச் சிவப்பு வரியைத்தான். "அசல் இல்லையா?" அக்கா நாடாவை வெளியே இழுத்தார். அதிகாரி கார்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுக்க, அக்காவின் கழுத்தும் மேசைமேல் சாய்ந்தது. "தேக்கோ சாப். மே நஹி சோடுங்கி." பார்த்துக்கொள், நான் விடமாட்டேன். பக்கத்திலிருந்த உதவியாளர், "அரே ஆண்ட்டி, சாப் கார்டைத் தின்னுடவா போறாரு?" என்று சிரித்தார்.

அக்கா என்னிடம் தமிழில் சொன்னார்: "அன்னிக்கு வாங்கிட்டுப் போனவனும் இப்டித்தான் சிரிச்சான்."

அதிகாரி பாதி எழுந்து, குனிந்து படித்தார். ஒரே கார்டின்மேல் இருவர் விரல்கள். படித்து முடித்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை. மாதங்கள் கழித்து, மேல்முறையீட்டை ஏற்று உத்தரவு வந்தபோதும், முதல் பக்கத்திலிருந்து ஓட்டையைத்தான் தேடினேன்.

போன வாரம் அக்கா போன் செய்தார். "பாப்பா, சாவி குடுக்கறாங்களாம். ஆனா பழைய கார்டை வாங்கி வச்சிக்குவாங்களாம். புது அட்ரஸுக்கு வேற கார்டு தருவாங்களாம். நீ சொன்னா குடுக்கறேன்."

விதியில் அப்படித்தான் இருக்கிறது. கொடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "இருங்க, நான் வர்றேன்" என்று மெட்ரோ ஏறினேன்.

அதே ஜன்னல், வேறு குமாஸ்தா. உறையின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி அக்கா என்னைப் பார்த்தார். பிடித்துக்கொண்டேன். "பஹ்லே சாபி" என்றார் அக்கா. முதலில் சாவி. அலுத்துக்கொண்டே குமாஸ்தா சாவியை நகர்த்தினார். அக்கா அதை முந்தானையில் முடிந்துகொண்டு, நாடாவைத் தலைவழியே கழற்றி, குமாஸ்தா உறையைப் பிடித்ததும் கையை எடுத்துவிட்டார். முதன்முதலாக அந்தக் கழுத்து வெறுமையாக இருந்தது.

"மேடம், சோடியே." விடுங்கள் என்றார் குமாஸ்தா.

உறையின் மறுமுனை இன்னும் என் விரல்களுக்குள் இருந்தது.