ஜாக்கெட் கையில் இருந்த இரண்டு தையல் தடங்கள்

2006-ஆம் வருடம், சித்திரை மாதம். மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். துணைக்குப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். உப்பளத்தில் என்னோடு கூடை தூக்குகிறவர்.

அதற்கு முந்தின ஆடியில் எனக்கு வலது மார்பில் புற்றுநோய்க் கட்டியை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தார்கள். ஊசி மருந்தெல்லாம் முடிந்த தை மாதத்தில், ஒரு இளம் டாக்டரம்மா என்னிடம் வந்து பேசினார். இந்த ஆபரேஷன் செய்தவர்களில் சிலருக்குக் கை வீங்கும், யாருக்கு, எப்போது, எதனால் என்று ஆராய்ச்சி செய்கிறோம், விருப்பம் இருந்தால் சேரலாம் என்றார். சரி என்று கையெழுத்துப் போட்டேன். கையை டேப் வைத்து அளந்து, ஒரு நோட்டும் கொடுத்தார். வீக்கம் உண்டா, கையில் காயம் உண்டா, பாரம் தூக்கினீர்களா என்று தினமும் குறிக்க வேண்டும்.

நான் எட்டாவது வரை படித்தவள். நோட்டு என்றாலே எனக்குப் பரீட்சை நினைப்புதான். பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் மாசியில் வேலை ஆரம்பித்ததும் நான் கூடையைத் தலையில் ஏற்றிவிட்டேன். உப்புப் பரல் கிழித்து விரலில் வெடிப்பு வந்தால், எங்கள் வழக்கப்படி பாத்தியில் நிற்கும் உப்புத் தண்ணீரிலேயே கையை முக்கி எடுத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். கை வீங்கத் தொடங்கிய பிறகும் ராத்திரி நோட்டில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றே எழுதினேன். நல்லபடியாக ஆபரேஷன் செய்தவர்களிடம் போய்க் கை வீங்கிவிட்டது என்று எப்படிச் சொல்வது? எனக்குக் கூச்சமாக இருந்தது.

அன்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு டேப்பை எடுத்துக் கையை அளந்தார். தையில் எழுதிய அளவைப் பார்த்தார். திரும்பவும் அளந்தார். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். நான் முந்தானையை இழுத்துக் கையை மூடினேன்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டி, வீங்கிச்சுன்னு எழுதினா உன் சொத்தையா கேக்கப் போறாங்க? வளையலைச் சோப்பு போட்டு இழுத்தது நான்தாம்மா. சொல்லாதன்னு சத்தியம் வேற வாங்கிக்கினா."

டாக்டரம்மா கோபப்படவில்லை. என் ஜாக்கெட்டின் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். பிரித்துவிட்ட பழைய தையலின் தடம் இரண்டு கோடாகத் தெரிந்தது.

"இதை எப்போம்மா பிரிச்சீங்க?"

அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கை நுழையாமல் முதல் தையலைப் பிரித்தது கூடை தூக்க ஆரம்பித்த இரண்டாவது வாரம். அடுத்தது, பங்குனியில் விரல் வெடிப்பு சீழ் வைத்துக் காய்ச்சல் வந்த மறுநாள். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். என் 'இல்லை'களைக் கிழித்துப் போடவில்லை. ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதினார்.

எழுதி முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இது பரீட்சை இல்லைங்கம்மா. பாரம் தூக்கலை, காயம் இல்லைன்னு நீங்க எழுதினா, வீக்கம் அதனால வரலைன்னு நாங்க நம்பிடுவோம். அடுத்து வர்றவங்ககிட்ட, 'கூடை தூக்குங்க, ஒண்ணும் ஆவாது'ன்னு சொல்லிடுவோம்."

என் கை போனால் என்னோடு போகட்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என் எழுத்தை நம்பி, முகம் தெரியாத எவளோ ஒருத்தி கூடையைத் தூக்கித் தலையில் வைப்பதை அன்றுதான் நினைத்துப் பார்த்தேன்.

மருந்தும் இறுக்கிக் கட்டும் துணியும் கொடுத்தார்கள். இனி பாத்தித் தண்ணீரில் கை படக் கூடாது என்றார்கள். உப்பு பாக்கெட் போடும் கொட்டகைக்கு மாறிக்கொண்டேன். வீக்கம் பாதிக்கு மேல் வடிந்தது, முழுசாகப் போகவில்லை. அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது, சத்தியத்தை மீறியதற்காக அக்கா வழியில் வரும் கூனிமேடு வரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். நான்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நோட்டை இரண்டு வருடம் எழுதிக் கொடுத்தேன். அதில் 'உண்டு' என்று எழுதிய நாட்கள் நிறைய. இன்றும் யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், 'நல்லா இருக்கேன்' என்ற வழக்கமான பதில் வாயில் வருவதற்கு முன் ஒரு நொடி என் வலது கையைப் பார்த்துக்கொள்கிறேன்.