பாஸான கண்

கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று சில வருஷம் முன்பு டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அது கண்பாப்பாவைச் சுருக்கி, உள்ளே தேங்கிய நீர் வடிய வழிவிடும். ஆனால் விட்ட பிறகு எல்லாம் மங்கலாகத் தெரியும். நானோ நெய்வேலி மைன்ஸில் காண்ட்ராக்ட் ஆள். வருஷாவருஷம் வைக்கிற கண் டெஸ்டில் ஃபெயிலானால் காண்ட்ராக்டர் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார். அதனால் டெஸ்டுக்கு ஒரு மாதம் முன்பே மருந்தை நிறுத்திவிடுவேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு! இந்த நோய் ஓரப் பார்வையைத்தான் முதலில் தின்னும். எழுத்துப் பலகையோ நேர் எதிரே தொங்கும். இந்த வருஷமும் கடைசி வரி வரை படித்தேன். ஃபிட் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தோடு வெளியே வந்து, "எங்கடி போய்த் தொலைஞ்ச?" என்று கூட வந்திருந்த மனைவியைத் தேடிக் கத்தினேன். என் இடது தோளை ஒட்டியே நின்றுகொண்டிருந்தாள்.