முப்பது நொடிக்கு அப்புறம்

பிரிசில்லாவிடம் ஒரு பாட்டின் முதல் முப்பது நொடியைப் போட்டுக் காட்டினால் போதும், மீதியை அவள் சொல்லிவிடுவாள். கிட்டார் எங்கே ஏறும், டிரம்ஸ் எப்போது விழும், பாடுகிறவன் காதலியைத் திட்டப்போகிறானா, தன்னையே திட்டிக்கொள்ளப்போகிறானா, எல்லாம். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

பாட்டுக் கேட்கும் செயலிகளுக்காக வேலை செய்கிறது எங்கள் அலுவலகம். எங்கெங்கோ வெளியாகும் பாட்டுகள் எங்கள் திரைக்கு வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றிலும் முப்பது நொடி கேட்டு, சந்தோஷமா, சோகமா, அமைதியா, தவிப்பா, ஆட்டமா, பக்தியா என்று குறி போட வேண்டும். போட்ட உடனே அடுத்த பாட்டு தானாக வந்து நிற்கும். நான் தமிழ் வரிசையில் இருக்கிறேன். பிரிசில்லா ஆங்கில வரிசை, அதிலும் இண்டி, ஆல்டர்நேட்டிவ் ராக். அலுவலகத்தில் அவள் வேகத்துக்கு யாரும் இல்லை.

வேகம் அவளுக்கு வேலையில் மட்டும் இல்லை. மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுவாள். உட்கார்ந்தால் வலது முழங்கால் ஆடத் தொடங்கும், எங்கள் இருவருக்கும் பொதுவான மேசையில் இருக்கிற என் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்து ஆடும். சாயங்காலம் பஸ் சிக்னலில் நின்றுவிட்டால் அவளால் பொறுக்க முடியாது. "நடந்தே போய்ச் சேந்துடலாம், வா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிடுவாள். நாங்கள் இறங்கிய அதே பஸ் இரண்டு நிமிடத்தில் எங்களைத் தாண்டிப் போகும். டிரைவருக்குக் கை காட்டிவிட்டு நடப்பாள்.

அவள் பிறந்தது கோலார் தங்கவயலில், கே.ஜி.எஃப்.பில். சுரங்கம் மூடியபிறகு அவள் அப்பா ஆண்டனி பல வருஷம் ரயிலில் பெங்களூர் வந்து போய்க்கொண்டிருந்தார். பிறகு குடும்பத்தோடு லிங்கராஜபுரத்துக்கு வந்துவிட்டார்கள். சர்ச்சில் பாஸ் கிட்டார் வாசித்த பையனுக்கு துபாயில் வேலை கிடைத்தபோது, வேறு ஆள் இல்லை என்று பதினைந்து வயது பிரிசில்லாவின் கையில் கிட்டாரைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள்தான் வாசிக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனதும் அவள்தான். ரிச்சர்ட்ஸ் டவுனில் சஞ்சய் என்று ஒருவர். விழுப்புரத்துக்காரர், சாஃப்ட்வேர் வேலை. அவரும் அவர் மனைவி ராதாவும் இருக்கிற முதல் மாடி வீட்டின் ஹாலில் என் தோள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் நிற்கும். வாரம் ஒருவர் தனக்குப் பிடித்த ஆல்பம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முடிந்ததும் ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்லலாம், சண்டையும் போடலாம். சண்டைக்காகத்தான் எல்லோரும் வந்தார்கள் என்று நினைக்கிறேன்.

நான் போன முதல் நாளே சஞ்சய் சொல்லிக்கொண்டிருந்தார்: "எந்த பேண்டா இருந்தாலும் முதல் ஆல்பம்தாங்க உண்மை. ரெண்டாவதுல நாலு காசு வந்துடும். கிட்டார் போய் கீபோர்டு வந்துடும்."

"உங்களுக்கு எவனும் சம்பாதிச்சா பிடிக்காது," என்றார் ராதா. "அவனும் வீட்டு வாடகை கட்ட வேணாமா?"

பிரிசில்லா சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்திருந்தாள். "அத விடு மச்சா. அந்த மூணாவது பாட்டு இருக்குதே, கண்ணுல ஷாம்பூ போயி சோப்பு டப்பா தேடற மாதிரி. தேடிகினே இருக்கான். கிடைக்கவே மாட்டேங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படி ஒன்றை என்னால் சொல்ல முடியாது என்று தோன்றியது. அதனால் பல வாரங்கள் என் முறை வரும்போதெல்லாம் "நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். பாட்டு ஓடும்போது பிரிசில்லா அடிக்கடி எழுந்து சமையலறைக்குள் போவாள். ராதாவுக்கு டீ போட்டுக் கொடுக்கிறாள், எவ்வளவு நல்ல பெண் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

ஒருநாள் சஞ்சய் என்னைப் பார்த்து, "அடுத்த வாரம் உங்க ஆல்பம்ங்க. தப்பிக்க முடியாது," என்றார்.

என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நார்த் ஸ்டேர்கேஸ் என்று ஷில்லாங்கில் மூன்று பேர் சேர்ந்த குழு. 'விண்டர் டைம்டேபிள்' அவர்களுடைய ஒரே ஆல்பம். திருவண்ணாமலையிலிருந்து வந்த புதிதில், கம்மனஹள்ளியில் லேடீஸ் ஹாஸ்டல் மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு அதைத் தினமும் கேட்டிருக்கிறேன். அதன் ஆறாவது பாட்டில் ஒரே கிட்டார் வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். பாடுகிறவர்களே இல்லை போல என்று நாம் விட்டுவிடுகிற நேரத்தில், நாலு நிமிடம் கடந்தபிறகு, பக்கத்து அறையிலிருந்து வருவது போல ஒரு பெண்ணின் குரல் வரும். நாலே வரி பாடும், போய்விடும். அந்த நாலு வரிக்காகத்தான் நான் அந்த ஆல்பத்தை வைத்திருந்தேன். புதன்கிழமையே எல்லோருக்கும் லிங்க் அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது பாட்டு ஓடும்போது கரண்ட் போய்விட்டது. தெருவில் எங்கோ கேபிளுக்காகத் தோண்டுகிறார்களாம், ராத்திரிதான் வருமாம்.

"எல்லாரும் முன்னாடியே கேட்டிருப்பீங்கல்ல? கருத்த மட்டும் சொல்லிடலாம்," என்றார் சஞ்சய்.

வழக்கம்போல பிரிசில்லா முதலில் தொடங்கினாள். "சாரி இளா, நீ ஃப்ரெண்டுன்றதால பொய் சொல்ல முடியாது. எல்லாப் பாட்டும் ஒரே ஸ்வெட்டர் போட்டுகினு வருது. டிரம்மருக்கு யாராவது காபி வாங்கிக் குடுங்கப்பா. அந்த ஆறாவது, இன்ஸ்ட்ருமென்டல், அது லிஃப்ட்ல போடற மியூசிக். எந்த மாடியும் வரமாட்டேங்குது."

சிரிப்பு வந்தது, ஆனால் வழக்கமான அளவுக்கு இல்லை. ராதா கேட்டார்: "இன்ஸ்ட்ருமென்டலா? அதுல ஒரு பொண்ணு பாடுதே பிரிசி."

"எங்க?"

"நடுவுல. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

பிரிசில்லா என்னைப் பார்த்தாள். முழங்கால் ஆட்டம் நின்றிருந்தது. "ஆமா ஆமா, அந்தக் குரல். அது... பேக்ரவுண்டுதானே?" என்றாள்.

"முழுசா கேட்டியா பிரிசி?" என்று கேட்டேன்.

"கேட்டேன்பா."

"முப்பது நொடியா?"

அவள் எழுந்து சமையலறைப் பக்கம் போனாள். அழுதுவிடுவேன் என்று பயந்து, ஹாஸ்டலில் சீக்கிரம் கதவு மூடிவிடுவார்கள் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

அந்த வாரம் அலுவலகத்தில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவள் பக்கம் நான் பார்க்காமல் இருந்தாலும் தண்ணீர் பாட்டில் ஆடிக்கொண்டேதான் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பையை எடுக்கும்போது பின்னால் வந்து நின்றாள்.

"வீட்டுக்கு வா. பத்து நிமிஷம். ஒரு ஹெல்ப் வேணும்," என்றாள். முகம் சரியில்லை. போனேன்.

லிங்கராஜபுரத்தில் அவர்கள் வீட்டு முன்னறையில் அவள் அம்மா ஹெலன் ஆன்ட்டி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். மடியில் பிரிசில்லாவின் போன் இருந்தது.

"வாம்மா இளவேனில். நீயாவது கேளு இவள. மூணு நாளா வீடு வந்ததும் போன என் கைல குடுத்து, 'நான் கேட்டாலும் குடுக்காத'ன்றா. பாட்ட வெச்சிட்டு அர நிமிஷத்துல வந்து புடுங்கப் பாக்கறா. நான் வேல பாப்பனா, இவளோட மல்லு கட்டுவனா?"

"அம்மா, சும்மா இரு."

"இன்னாடி சும்மா இரு? அந்தப் பாட்ட எட்டு வாட்டி நான்தான் முழுசா கேட்டேன். எழவு வீட்ல ஃபேன் ஓடற மாதிரி இருக்குது. ஆனா அந்தப் பொண்ணு நல்லா பாடுதும்மா, பொய் சொல்லக் கூடாது." பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: "சர்ச்சுலயும் இதே கததான். கோயர் மாஸ்டர் ஜாய்சன் கேக்கறாரு, 'ஏம்மா பிரிசில்லா, எல்லாரும் ரெண்டாவது சரணத்துல இருக்கோம், நீ மட்டும் ஆமென்ல போயி நிக்கறியே, ஆண்டவரே இன்னும் வரல'ன்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிரிசில்லா சிரிக்கவில்லை. என்னை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனாள். தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் நடந்துகொண்டே பேசினாள்.

"ஒரு பாட்டு முடியறத நான் கேட்டு எவ்வளவு நாளாச்சுன்னு யோசிச்சுப் பாத்தேன் இளா. ஞாபகமே இல்ல. முப்பது ஆனதும் உள்ள ஏதோ 'அடுத்து'ன்னுது. வெரல் தானா போவுது. சஞ்சய் வீட்ல கூட நான் எதயும் முழுசா கேட்டதில்ல. டீ போட்டுகினு இருந்தேன்."

"நீ ராதாவுக்கு உதவி பண்றேன்னு நாங்க நினைச்சோம்."

"எனக்கு டீயே பிடிக்காது." துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பாட்டுதான் எனக்குத் தெரிஞ்ச ஒரே விஷயம். அதயும் கேக்க முடியலன்னா நான் இன்னா பண்றது? எல்லாத்தயும் பத்திப் பேசறேன். ஒண்ணயும் கேக்கல."

எப்போதும் அவள் சொல்லி நான் கேட்டுத்தான் பழக்கம். "இந்த ஞாயிறு யாரோட ஆல்பம்?" என்று கேட்டேன்.

"என்னோடது. அதான் கேக்கறேன். உன்னோடத மறுபடி போடலாமா?"

ஒரு தடவை வந்த ஆல்பம் மறுபடி வரக் கூடாது என்று சஞ்சய் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் வாதாடினார். "கரண்ட் போனது கணக்குல வராதுங்க," என்று ராதா முடித்துவைத்தார். பிரிசில்லா தன் போனை ராதாவிடம் கொடுத்தாள். சோபா கைப்பிடியில் உட்காராமல், தரையில் சுவரோரம் கிடந்த பாயில் உட்கார்ந்தாள்.

முதல் பாட்டிலேயே முழங்கால் ஆடியது. இரண்டாவதில் பாய் நாரைப் பிய்க்கத் தொடங்கினாள். நான்காவதில் எழுந்து சமையலறை வாசல் வரை போனாள். "டீ போட்டாச்சு, போய் உக்காரு," என்று ராதா சைகை காட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்தாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. நான் பாட்டைக் கேட்கவே இல்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முடியாமல் போனால் இனி அவள் இங்கே வரமாட்டாள், கிட்டாரையும் தொடமாட்டாள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஆறாவது பாட்டு வந்தது. அதே கிட்டார் வரி, மறுபடி அதே. முப்பது நொடி ஆனபோது அவள் கட்டைவிரல், போனில் அடுத்த பாட்டுக்குத் தள்ளுவது போல, தரையில் ஒருமுறை இழுத்தது. பிறகு இன்னொருமுறை. கண்ணை மூடிக்கொண்டாள். எப்போதென்று தெரியவில்லை, விரல் இழுப்பதை விட்டுவிட்டு அந்த வரியோடு சேர்ந்து தட்டிக்கொண்டிருந்தது, பாஸ் வாசிப்பது போல. முந்தவில்லை. பெண்ணின் குரல் வந்தபோது அவள் முகம் சுருங்கியது. நாலு வரி, போயிற்று. அவள் தட்டுவதை நிறுத்தவில்லை.

எட்டாவது பாட்டின் பாதியில் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டாள். கடைசிப் பாட்டான ஒன்பதாவதுக்குத்தான் திரும்பி வந்தாள்.

"சொல்லுங்க," என்றார் சஞ்சய். "உங்க முறை."

"எட்டாவதுல நான் வெளிய இருந்தேன். அதப் பத்தி எனக்குக் கருத்து இல்ல," என்றாள் பிரிசில்லா. அப்படி ஒரு வாக்கியம் அவள் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. சஞ்சய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "மத்தபடி ஸ்வெட்டர்னு சொன்னது சரிதான், வாபஸ் வாங்க மாட்டேன். டிரம்மர் மேல தப்பு இல்ல, மிக்ஸிங்ல அவன அமுக்கிட்டானுங்க."

"ஆறாவது?" என்று ராதா கேட்டார்.

பிரிசில்லா என்னைப் பார்த்தாள். "அந்தக் குரல் வந்திருக்கவே கூடாது."

"என்னது?" என்றேன்.

"அந்த கிட்டார் போயிகினே இருந்தது. எனக்கு எதுவும் வேணாம்னு ஆயிடுச்சு. அப்பதான் உள்ள வந்தா அந்தம்மா. எல்லாம் கெட்டுது."

எனக்குக் காது சூடாகிவிட்டது. "அந்தக் குரலுக்காகத்தான் அந்த கிட்டாரே! அது வரப்போகுதுன்னுதான் அவன் அவ்வளவு நேரம் வாசிக்கிறான். உனக்கு அது புரியலன்னா நீ கேட்டதே..." என்று நான் தொடங்கியதும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை மாதங்களில் என் குரலை அந்த உயரத்தில் அவர்கள் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தாலும் நிறுத்த முடியவில்லை.

கீழே இறங்கி, பார்க் ஓரமாக நடந்து, பஸ் ஸ்டாப்பில் நின்றபோதும் பேசிக்கொண்டிருந்தேன். ஹாஸ்டல் மேல்கட்டில், முதல் மாதம், யாரும் பேசாத அறை, அந்த நாலு வரி என்ன செய்தது என்று, யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னேன். லிங்கராஜபுரம் பஸ் ஒன்று வந்து போனது. பிரிசில்லா கால் மாற்றி மாற்றி நின்றாள், பை வாரை முறுக்கினாள், சாலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குறுக்கே மட்டும் பேசவில்லை.

எனக்கு மூச்சு வாங்கியது.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுது."

"நிஜமா? இன்னும் இருந்தா சொல்லு."

"அவ்வளவுதான்."

"சரி. அப்பவும் அந்தக் குரல் தப்புதான். ஏன்னு நான் இப்ப சொல்றேன், நீ கேளு," என்றாள்.