நவநீதன் போகாத ஊர்

பொன்மலை ரயில்வே பணிமனையில் என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் நவநீதன். சொந்தத் தெருவில் குழாய் உடைந்தால்கூட அவருக்குத் தெரியாது. ஆனால் ஜெர்மனியில் மகன் சித்தார்த் குடியிருக்கும் சின்ன ஊரைப் பற்றி ஆரம்பித்தால் மனுஷன் நிறுத்தமாட்டார். அம்மா மண்டபம் ரோட்டு டீக்கடையில் அதைக் கேட்டுக் கேட்டு எங்கள் காது புளித்துப்போனது.

"அந்தக் காலத்துல அந்த ஊரே ரெண்டு தடவை எரிஞ்சு போச்சுங்க. அதனால இன்னிக்கும் சம்பளம் இல்லாம ஊர்க்காரங்களேதான் தீயணைக்கப் போறாங்க. சங்கு ஊதினா சாப்பாட்டை அப்படியே வச்சுட்டு ஓடுவாங்க. நம்ம சித்தார்த்தும் அதுல இருக்கான்!"

தனியாக இருக்கும் கிழவி வழுக்கி விழுந்தாலும் அவர்கள்தான் போய்த் தூக்குவார்களாம். மகன் அப்படி ஒருத்தியைத் தூக்கி வரும் படத்தை வருவோர் போவோரிடமெல்லாம் காட்டினார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அந்தப் பிள்ளை இங்கே வந்து வருஷக்கணக்காகிவிட்டது.

போன வைகாசியில் நவநீதன் குளியலறையில் விழுந்தார். அவர் மனைவி அனுசுயா அலறியதைக் கேட்டு, பக்கத்து வீட்டிலிருந்து ஓடினேன். தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இதயத்தில் அடைப்பு, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்கள்.

அனுசுயா மகனுக்கு ஃபோன் போட்டார். "ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து அவரைப் பாத்துடுடா."

"ஞாயித்துக்கிழமை எங்க தீயணைப்புப் படையோட ஆண்டு விழாம்மா. ஊர்வலத்துல பழைய வண்டியை நான்தான் ஓட்டணும். முடிஞ்சதும் கிளம்பிடறேன்."

நவநீதன் ஃபோனை வாங்கினார். "எனக்கு ஒண்ணும் இல்லடா. ஊர்க்காரங்க உன்னை நம்பியிருக்காங்க, இருந்து முடிச்சுட்டு வா."

வாய்தான் சொன்னது. ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்வரை, வார்டு கதவு திறந்தபோதெல்லாம் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பெற்றவர்களுக்கு இந்தப் பொய் எங்கிருந்துதான் வருகிறதோ!

அவர் அப்புறம் கண் விழிக்கவில்லை. சித்தார்த் வந்து சேரும்வரை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்து, ஓயாமரி சுடுகாட்டுக்கு எடுத்துப்போனோம்.

காரியம் முடிந்த அன்று மதியம் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த சித்தார்த் சொன்னான். "நீ இங்க தனியா இருக்க வேணாம்மா, என்னோட வந்துடு. அங்க வயசானவங்க யார் விழுந்தாலும் ஊரே ஓடி வரும்."

"தெரியும்டா," என்றார் அனுசுயா, அவன் இலையில் சோறு வைத்துக்கொண்டே. "நீ ஓடிப்போய்த் தூக்குவேன்னு உங்கப்பா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தார். அவரைத் தூக்கினது இவர்தான்."

என்னைத்தான் காட்டினார்.