கடைசி சீட்டில் கட்டெறும்புகள்

இன்று காலை எண்ணூர் பஸ்ஸில், முன்னால் இடம் இருந்தும் ஒரு பள்ளிக்கூடப் பெண் நேராகக் கடைசி சீட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் ஊறுகாய் பாட்டில். உள்ளே கட்டெறும்புகள்.

"இங்க தூக்கித் தூக்கிப் போடும்மா, முன்னாடி போய் குந்து" என்றார் கண்டக்டர்.

"தூக்கிப் போடணும்ணா. வெளிநாட்டுப் பசங்க விண்வெளிக்கு எறும்பு அனுப்பி, எடையே இல்லாதப்ப எப்படி நடக்குதுன்னு பாக்குறாங்க. நான் ராக்கெட்டுக்கு எங்க போறது? பஸ்ஸு எகிறும்போது ஒரு செகண்டு அதே மாதிரிதான்."

கண்டக்டர் சிரிக்கவில்லை. பாட்டில் மூடியைத் தடவிப் பார்த்தார்.

"ஓட்ட போட்டுகீறியா? பாவம், மூச்சு முட்டும்."

பிறகு டிரைவரைப் பார்த்துக் கத்தினார்: "மாமு, அடுத்த பள்ளத்துல பிரேக்க தொடாத! பாப்பா சயின்ஸு பண்ணுது!"

கண்டெய்னர் லாரிகள் தோண்டிவைத்த பள்ளம் வந்தது. நான் எழும்பினேன், என் டிபன் பாக்ஸ் என்னைவிட உயரமாக எழும்பியது.

"இன்னாம்மா ஆச்சு?"

"ஒரு எறும்புகூட புடிய வுடலண்ணா!"

பின் சீட்டு முழுக்கக் கைதட்டியது. சாம்பார் வழியும் சட்டையோடு நானும் தட்டினேன்.

இந்தச் சாலையைச் செப்பனிடக் கோரித் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்குபவன் நான். அவள் ஆராய்ச்சி முடியும்வரை நிறுத்திவைக்கட்டுமா? நீங்களே சொல்லுங்கள்.