கறுப்பின் முறை

இது நிஜமாக நடந்தது. கதை கட்டுகிற சாமர்த்தியம் எனக்கு இருந்திருந்தால், இதில் பிளக்கைப் பிடுங்கிய மடையன் வேறு யாராவதாக இருந்திருப்பான்.

பிடுங்கியது என் கால்தான். மியூனிக் நகரம், அக்டோபர் மாதத்து ஞாயிறு, மாலை நாலு பத்து. ஆல்ப்ஸ் பக்கமிருந்து வெப்பக்காற்று வீசிய நாள். அது வீசினால் ஊரே தலைவலியோடு எரிந்து விழும்.

பழைய செஸ் மெஷின்களைச் சேர்க்கும் பைத்தியங்கள் நாங்கள். வருடத்துக்கு ஒருமுறை கூடி, மெஷினோடு மெஷினை மோதவிடுவோம். மெஷினுக்குக் கை கிடையாதே! கட்டத்துக்குக் கட்டம் சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. தன் காய்களில் எது, எங்கே போகவேண்டும் என்று அது மினுக்கும், நாங்கள் நகர்த்துவோம். யோசிக்கக் கூடாது என்பது விதி. எனக்கு அதில் சிரமமே இருந்ததில்லை.

எங்களில் ஒருவர் ஓட்மார். இரண்டு வருடம் முன்பு, தன் மெஷினோடு ஆடிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். பாதியில் நின்ற அந்த ஆட்டத்தை அவர் மனைவி ரோஸ்வித்தா அணைக்கவே இல்லை. அவர் விட்டுப்போனதில் இன்னும் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான். அந்த மெஷினைத்தான் இந்த வருடக் கூட்டத்துக்கு இரவல் கேட்க ரோஸ்வித்தா வீட்டுக்குப் போயிருந்தேன். எவ்வளவு இங்கிதம் பாருங்கள்.

“இரவலா? உன் தலையைக் கழட்டிக் குடு, யாருக்கும் நஷ்டமில்ல,” என்றார் ரோஸ்வித்தா. “பிளம் கேக் வெட்டிட்டு வரேன். பலகைகிட்ட போன, கையை ஒடிச்சிடுவேன், கொர்பினியன்.”

கொர்பினியன் நான்தான். கையைத்தானே சொன்னார்? போனது கால்.

பலகைமேல் துணி போர்த்தியிருந்தது. ஓரத்தைத் தூக்கிப் பார்க்கத்தான் எட்டினேன். ஒயர் இடறியது. மேசை சாய்ந்தது. துணியோடு காய்கள் அத்தனையும் தரையில் உருண்டன. பிளக் சுவரை விட்டு வெளியே கிடந்தது.

அந்தக் காலத்து மெஷின். கரண்ட் போனால் ஞாபகமும் போச்சு. இரண்டு வருடம் ஒருத்தி காத்து வைத்திருந்த ஆட்டம்... சாக்ஸ் போட்ட ஒரு காலால் காலி.

சமையலறையில் கத்தி. டக்... டக்...

பிளக்கைச் செருகினேன். ‘பீப்.’ புது ஆட்டம் என்று அர்த்தம். காய்களை அள்ளினேன். எது எங்கே இருந்தது? கறுப்புக் குதிரையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன்.

ஒரு விளக்கு எரிந்தது.

பழசு, ஏதோ கோளாறு என்று நினைத்தேன். குதிரையை அங்கே வைத்தேன். அணைந்தது. ஒரு சிப்பாயை எடுத்தேன். வேறு கட்டத்தில் விளக்கு.

வைத்தேன். எடுத்தேன். வைத்தேன். அப்போதுதான் உறைத்தது. கட்டத்தை அழுத்தினால் மட்டுமே இதற்குத் தெரியும். என் கையில் என்ன காய் இருக்கிறது என்று தெரிய வழியே இல்லை.

மந்திரியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். சிறுபிள்ளைத்தனம்தான்.

விளக்கு எரிந்தது.

கத்திச் சத்தம் நின்றது.

கடைசிக் காயும் உட்கார்ந்தது. இப்போது இரண்டு விளக்குகள். ஒன்று கறுப்பு ராணியின் கட்டம். இன்னொன்று வெள்ளை ராஜாவுக்கு அடுத்த கட்டம். மாறி மாறி... வேகமாக... பொறுமையில்லாமல்...

பழகிய கை. யோசிக்கவில்லை.

நகர்த்தினேன்.

அணைந்தன.

“என்ன பண்ணின?”

வாசலில் ரோஸ்வித்தா. கையில் தட்டு.

“ஒயர்ல கால் பட்டு... எல்லாத்தையும் அப்படியே திருப்பி வெச்சிட்டேன். மெஷின் ராணியை நகர்த்தச் சொல்லுச்சு, அதான்...”

அவர் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“கேக் சாப்பிடு.”

“இது... செக்மேட்தானே?”

“கிரீம் போடவா?”

“ரோஸ்வித்தா, மெஷின் கறுப்புதானே?”

தட்டை வைத்தார்.

“மெஷின் வெள்ளை. கறுப்பு, ஓட்மார். அவர் போன அன்னிக்கு சாயங்காலத்துலேர்ந்து அந்த ரெண்டு விளக்கும் மினுக்கிட்டேதான் இருந்துச்சு. நான்தான் கை வைக்கல. வெச்சா... ஜெயிச்சிட்டு எழுந்து போயிடுவாருல்ல?”