போர்டில் இருந்த பேர்

பெயிண்டரக்காவுக்குக் கோபம் வந்தால் எதிரே நிற்பது யார் என்று பார்க்கமாட்டாள். கெட்டுப்போன பெயிண்டை அவள் தலையில் கட்டப் பார்த்த கடைக்காரரின் மேஜை மேலேயே டின்னைக் கவிழ்த்துவிட்டு வந்தவள். கணவன் போன பிறகு நாத்தனாரையும் இன்னும் இரண்டு பெண்களையும் சேர்த்துக்கொண்டு, சாரத்தில் ஏறிப் பெயிண்ட் அடித்தே குடும்பத்தை நிமிர்த்தினாள். சுவர் காயாமல் பிரஷ்ஷைத் தொடமாட்டாள். அவசரப்படுத்தும் வீட்டுக்காரர்களிடம், "அப்போ நீங்களே அடிச்சுக்குங்க" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அவளையே ஏமாற்றிவிட்டார்கள். ஏழைகளுக்குக் கட்டும் அடுக்குமாடி வீடுகளில் ஒரு பங்கு வேலையைச் சின்ன ஆட்களுக்குத் தரவேண்டும் என்று சட்டம் வந்தது. அதிகாரிகள் கூட்டம் போட்டு, பெரிய கான்ட்ராக்டரோடு அவளைச் சேர்த்துவைத்தார்கள். பெயிண்ட் வேலை உனக்குத்தான் என்றார் அவர். அதை நம்பி, வந்த வேலைகளையெல்லாம் அவள் வேண்டாமென்றாள். அப்புறம் அவர் போனையே எடுக்கவில்லை.

ஒருநாள் காலை, இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். கையில் உரிந்த பெயிண்ட்.

"ஏக்கா, இதுதான் நீ பெயிண்ட் அடிக்கிற லட்சணமா? குடி வந்து ஒரு மழைகூடத் தாங்கலை. பிள்ளை ராப்பகலா இருமுது."

"நான் அந்தப் பக்கம் காலே வைக்கலையேம்மா!"

"கேட்டுல போர்டு தொங்குதே, உன் பேரு போட்டு!"

போய்ப் பார்த்தாள். தொங்கத்தான் செய்தது. ஈரச் சுவர் மேலேயே அடித்திருந்தார்கள். விரல் பட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. வாட்ச்மேனைக் கேட்டதும் விஷயம் புரிந்தது: வேலை கான்ட்ராக்டரின் மச்சானுக்கு, போர்டு மட்டும் அவளுக்கு. ஒப்புக்குச் சப்பாணியாகக்கூட அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை, பேரைத் திருடிக்கொண்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அங்கே நின்றிருந்த கான்ட்ராக்டர் அசரவே இல்லை. "இப்போ ஆபீசர் வருவாரும்மா. நான்தான் அடிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அடுத்த பிளாக் முழுக்க உங்களுக்கு, சத்தியமா."

கூட வந்த நாத்தனார் அவள் கையைப் பிடித்தாள். "அண்ணி, வேலையில்லாம கிடக்கோம். தலையை மட்டும் ஆட்டிடுங்க, புண்ணியமா போகும்."

ஆபீசர் வந்தார். சுவரைப் பார்த்தார். "நீங்கதானே அடிச்சது?"

"நான் அடிச்சிருந்தா என் கையை நானே ஒடிச்சிருப்பேன் சார்! என் பிரஷ் இந்த கேட்டைத் தாண்டவே இல்லை. என்னைக் காட்டி வேலையை வாங்கி, மச்சானுக்குக் குடுத்துட்டாரு. வெக்கமில்லாம இங்கேயேதான் நிக்கிறாரு, கேளுங்க!"

கான்ட்ராக்டரின் முகம் செத்துப்போனது. ஆபீசர் போர்டைக் கழற்றச் சொன்னார், விசாரிக்கிறேன் என்றார், காரில் ஏறிப் போய்விட்டார். அடுத்த பிளாக்கும் அதோடு போயிற்று. நாத்தனார் அழுதாள். அக்காவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை, ஆனாலும் பேர் மீண்ட நிம்மதி இருந்தது.

குழந்தைக்காரி மட்டும் சுவரோரத்தை விட்டு நகரவில்லை.

"உன் பேரு உனக்குக் கிடைச்சிடுச்சுக்கா. காலையில சண்டை போட நீயாவது இருந்தே. இனிமே இந்தச் சுவருக்காக நான் யார் வீட்டுக் கதவைத் தட்டுறது?"